கல்வெட்டுப் பதிப்புகளை வாசித்தல்: அச்சுநூலும் மின்னூலும்

முன்னுரை

அச்சுநூல் சிறந்ததா, மின்னூல் சிறந்ததா என்னும் வினா பெரும்பாலும் பழக்கம், வசதி, விலை ஆகியவற்றை ஒட்டியே எழுப்பப்படுகின்றது. துறைசார் நூல்களைக் கையாளும் ஆய்வாளருக்கு இவ்வளவுகோல்கள் போதா. பதிப்பாசிரியர் பக்கத்தில் இட்டுவைத்த குறிகள் சிதையாமல் வாசகரை வந்தடைகின்றனவா என்பதே அவருக்குரிய அளவுகோல். திருச்சுழிப் பகுதிக் கல்வெட்டுகள் இதற்குத் தக்க சான்றாகும்.

பள்ளிமடச் சான்று

சுந்தரர் தேவாரத்தில் திருச்சுழியல் எனப் பாடப்பெற்ற திருச்சுழியை அடுத்துள்ள ஊர் பள்ளிமடம். இவ்வூர்ச் சிவன் கோயில், கல்வெட்டுகளில் பள்ளிப்படை சுந்தரபாண்டிய ஈசுவரம் எனக் குறிக்கப்பெறுகின்றது. சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் காலத்தவை உள்ளிட்ட இவ்வூர்க் கல்வெட்டுகள், இந்தியத் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 14ஆம் தொகுதியில் (1962) இடம்பெற்றுள்ளன. விளக்கெரிக்க ஆடுகள் கொடையளிக்கப்பட்ட செய்திகள் இவற்றில் உண்டு. இக்கரிசல் நிலத்தின் பழைய கால்நடைப் பொருளியலை ஆராய்வோருக்கு இவை முதன்மைச் சான்றுகள்.

கல்வெட்டுப் பதிப்புகளில் ஐயத்திற்குரிய எழுத்து சதுர அடைப்பினுள் இடப்படும். பதிப்பாசிரியர் தாமே நிரப்பிய எழுத்து உடுக்குறியால் வேறுபடுத்தப்படும். அழிந்த பகுதி புள்ளிகளால் காட்டப்படும். வரியெண்ணும் அடிக்குறிப்பும் உடன் அமையும். ஆடுகளின் தொகையைக் குறிக்கும் சொல்லில் ஓரெழுத்து சிதைந்திருப்பதாகக் கொள்வோம். அடைப்புக்குறி உள்ளவரை அத்தொகை பதிப்பாசிரியரின் ஊகம். அக்குறி நீங்கியதும் அதுவே கல்லின் கூற்றாகிவிடும். அடுத்து வரும் ஆய்வேடு அதன்மேல் கணக்கிடும். அதனைப் பின்பற்றும் ஆய்வேட்டில் ஐயம் இருந்த தடமே இராது.

மின்பாடத்தின் குறைகள்

மின்னூல் என்னும் ஒரே பெயரால் இருவேறு பொருள்கள் சுட்டப்படுகின்றன. ஒன்று, அச்சுப் பக்கத்தின் ஒளிப்படி. மற்றொன்று, மீளத் தட்டச்சிட்ட அல்லது கணினி எழுத்துணரியால் பெறப்பட்ட பாடம். குறிகள் உதிர்வதும் அடிக்குறிப்பு இடம்பெயர்வதும் பக்க எண் மறைவதும் பின்னதில்தான். எழுத்துருக் குறைபாடும் இதனுடன் சேர்ந்தது. கிரந்த எழுத்துகள் 2014இல்தான் ஒருங்குறியில் இடம்பெற்றன. முந்திரி (1/320) முதலிய பின்னங்களுக்கான குறியீடுகள் 2019இல் சேர்க்கப்பெற்றன. அதற்கு முன் உருவான ஒருங்குறிப் பாடங்களில் இக்குறியீடுகள் சொல்லாகவோ வேறு குறியாகவோ மாற்றப்பட்டிருக்கும், அல்லது விடுபட்டிருக்கும்.

மின்வடிவின் பயன்

இவற்றைக் கொண்டு மின்வடிவைப் புறக்கணிப்பது நேர்மையாகாது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இல்லையெனில், பெருநூலகம் அருகில் இல்லாத சிற்றூர் மாணவர் பல நூல்களைக் கண்ணாலும் கண்டிரார். தன் ஊர்க் கோயிலின் கல்வெட்டைத் திருச்சுழி மாணவர் வீட்டிலிருந்தே படிக்க இயல்வது சிறிய பேறன்று. ஒரு சொல்லாட்சியைப் பல தொகுதிகளில் நொடியில் தேடும் வாய்ப்பும் அச்சுநூலுக்கு இல்லை. ஆயினும் கல்வெட்டின் எழுத்துவழக்கு இன்றைய எழுத்துமுறையோடு முற்றும் ஒத்ததன்று. ஆதலின் தேடலில் ஒரு சொல் அகப்படவில்லை என்பது அச்சொல் கல்வெட்டில் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

அச்சுநூலும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று. கல்லுக்கும் மைப்படிக்கும் அடுத்த நிலையிலேயே அது நிற்கின்றது. எனினும் அதன் பிழை நிலையான ஒரு பக்கத்தில் நிற்பதால், பிறர் அதனைக் கண்டு திருத்த இயலும்.

முடிவுரை

தேடுவதற்கு மின்பாடம், மேற்கோளுக்கு அச்சுப் பக்கம் அல்லது அதன் ஒளிப்படி என்னும் பாகுபாடு ஆய்வு நெறியாக ஏற்கப்பட வேண்டும். மின்பாடம் உருவாக்குவோர் மூலநூலின் பக்க எண், வரியெண், அடைப்புக்குறி ஆகியவற்றைக் காத்தல் வேண்டும். எவ்வடிவத்தைப் பார்த்து மேற்கோள் தரப்பட்டது என்பதைக் குறிப்பிடுமாறு ஆய்விதழ்களும் நெறியாளர்களும் கேட்பது நன்று. தாள், திரை என்னும் வேறுபாடு இரண்டாவதே. கல் சொன்னது எது, பதிப்பாசிரியர் சொன்னது எது எனப் பிரித்தறியும் வாய்ப்பு வாசகருக்கு எஞ்ச வேண்டும் என்பதே முதன்மையானது.