அபிவிருத்திப் பாடம் யாருக்காக?

ஏழை நாடுகள் முன்னேறுவது எப்படி என்பதற்கு இன்று சர்வகலாசாலைகளில் தனிப் பாடம் இருக்கிறது. அபிவிருத்திப் படிப்பு என்று அதற்குப் பெயர். படித்துப் பட்டம் பெற்றவர்கள் பலர் சர்க்கார் இலாகாக்களிலும், சர்வதேச ஸ்தாபனங்களிலும் உத்தியோகம் பார்க்கிறார்கள். எந்த நாட்டுக்குக் கடன் கொடுப்பது, என்ன நிபந்தனை போடுவது, எந்த ஆலையைத் தனியாரிடம் விடுவது என்று அறிக்கை எழுதுகிறார்கள். அந்த அறிக்கையின் பலனை அனுபவிப்பவர்கள் யார்? ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும்தான். ஆகவே இந்தப் பாடத்தை யாருக்காக நடத்துகிறார்கள் என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. அன்று டாங்கனீகா, இன்று டான்சானியா. 1947-ல் பிரிட்டிஷ் சர்க்கார் அங்கே ஒரு நிலக்கடலைத் திட்டம் தொடங்கியது. பிரிட்டனில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் தட்டுப்பாடு. அதைத் தீர்க்க ஆப்பிரிக்க மண்ணில் 30 லட்சம் ஏக்கருக்கு மேல் காடு வெட்டிக் கடலை போடுவது என்று தீர்மானம். நிபுணர்கள் வந்தார்கள். டிராக்டர்கள் வந்தன. யுத்த டாங்கிகளைக்கூட டிராக்டராக மாற்றிக் கொண்டுவந்தார்கள். ஆனால் கொங்வா வட்டாரம் மழை பொய்க்கும் பூமி. வெயிலில் களிமண் கல்லாக இறுகிவிடும். தலைமுறை தலைமுறையாக அங்கே மாடு மேய்த்து, தானியம் விதைத்துப் பிழைத்த கோகோ ஜனங்களுக்கு இது தெரியும். அவர்களைக் கலந்து யார் திட்டம் போட்டார்கள்? 1951-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். நஷ்டம் சுமார் 3 கோடி 60 லட்சம் பவுன்!

அந்நியன் போய்ச் சொந்த நாட்டுப் பிள்ளைகள் படித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கலாம். 1961-ல் நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு அன்றைய தலைநகர் தார் எஸ் சலாமில் சர்வகலாசாலைக் கல்லூரியும் வந்தது. 1966-ல் ஒரு சட்டம்: படித்து முடித்தவர்கள் இரண்டு ஆண்டு தேசிய சேவை செய்ய வேண்டும், அதில் பதினெட்டு மாதம் சம்பளத்தில் 40 சதவிகிதமே கிடைக்கும். மாணவர்கள் கொதித்து ஊர்வலம் வந்தார்கள். குடியானவன் வரிப்பணத்தில் படித்தவர்கள் குடியானவனுக்கு உழைக்க மறுத்தார்கள்! ஜனாதிபதி நைரேரே சுமார் 400 மாணவர்களை வீட்டுக்கு அனுப்பினார்; தம் சம்பளத்தையும் 20 சதவிகிதம் வெட்டிக்கொண்டார்.

அதன் பிறகுதான், வைத்தியம் படித்தாலும் சட்டம் படித்தாலும் அபிவிருத்திப் பாடமும் படித்தே தீரவேண்டும் என்ற ஏற்பாடு அங்கே உருவாயிற்று. 1973-ல் அதற்கென ஒரு கழகமே அமைந்தது. கயானாவில் பிறந்த வால்டர் ராட்னி அந்தச் சர்வகலாசாலையில் சரித்திரம் போதித்தார். ஆப்பிரிக்கா பின்தங்கியது அதன் தலைவிதியால் அல்ல. அதன் ஆட்களையும் விளைச்சலையும் வாரிக்கொண்டுபோய் ஐரோப்பா செழித்ததால்தான் என்று 1972-ல் புத்தகம் எழுதிக் கணக்குக் காட்டினார். கடன் கொடுக்க வருகிறவன் முன்பு எவ்வளவு எடுத்துக்கொண்டு போனான் என்று கேட்கும் பாடம் அது.

ஆனால் பாடம் வகுப்பறையோடு நின்றுவிட்டால் என்ன ஆகும்? அதே 1970களில் டான்சானிய சர்க்கார் லட்சக்கணக்கான குடியானவர்களைக் கட்டாயப்படுத்திப் புதுக் கிராமங்களில் குடியேற்றியது. நோக்கம் நல்லது என்றார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிநீர் எல்லாம் வரும் என்றார்கள். கேட்க வேண்டியவனை மட்டும் மறுபடியும் கேட்கவில்லை. பல இடங்களில் வயலும் வீடும் விட்டு ஜனங்கள் துரத்தப்பட்டார்கள். விளைச்சல் பாதிக்கப்பட்டது.

பிறகு கடன் வந்தது. 1986-ல் சர்வதேச நிதி ஸ்தாபனத்துடன் ஒப்பந்தம். நாணய மதிப்புக் குறைந்தது. பொது ஆலைகள் தனியாருக்குப் போயின. 1990களில் சர்வகலாசாலைப் படிப்பின் செலவில் ஒரு பங்கு மாணவன் தலையில் விழுந்தது. இந்த நிபந்தனைகளை எழுதியவர்களும் அபிவிருத்தி நிபுணர்கள்தான்!

அப்படியானால் இந்தப் படிப்பே வேண்டாமா? வேண்டும், தோழர்களே! மூலதனம் ஒரே நாளில் தேசம் விட்டுத் தேசம் பாயும் இந்த உலகமய காலத்தில் அது முன்னைவிட அதிகமாக வேண்டும். நூல் விலை எங்கே நிர்ணயமாகிறது, கடனுக்கு வட்டி யார் கட்டுகிறார்கள் என்பது தெரியாமல் ஆலைக் கதவு ஏன் மூடியது என்று எப்படிப் புரியும்?

ஆனால் பாடம் இரண்டு பக்கமும் போக வேண்டும். மாணவன் வயலுக்கும் ஆலைக்கும் வந்து கணக்குக் கேட்க வேண்டும். உழைப்பவன் சொல்வது அறிக்கையில் ஏற வேண்டும். எழுதி முடித்த அறிக்கை அவனுக்குப் புரியும் பாஷையில் அவன் கைக்குத் திரும்பி வர வேண்டும். ராட்னி ஜமைக்காவில் ஆசிரியராக இருந்தபோது கிங்ஸ்டன் நகரத்து ஏழைகளின் குடியிருப்புகளுக்குப் போய் உட்கார்ந்து சரித்திரம் பேசினார். அவர்கள் பேசியதையும் கேட்டார். 1968-ல் வெளியூர் போய்த் திரும்பியவரை நாட்டுக்குள் நுழையவிடாமல் ஜமைக்கா சர்க்கார் தடுத்துவிட்டது. மாணவர்களும் ஏழைகளும் வீதிக்கு வந்தார்கள்.

வகுப்பறையில் எத்தனை புத்தகம் படித்தாலும் அஞ்சாத சர்க்கார், படித்தவன் குப்பத்துத் திண்ணையில் உட்கார்ந்தவுடன் ஏன் அஞ்சுகிறது? யோசியுங்கள்! நாளை ஒரு நிபுணர் குறிப்பேட்டோடு உங்கள் சேரிக்கோ ஆலை வாசலுக்கோ வந்தால், அவர் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கூடவே நீங்களும் ஒன்று கேளுங்கள்: "ஐயா, இந்த அறிக்கை யாருக்குப் போகிறது? எங்களுக்கு எப்போது படித்துக் காட்டுவீர்கள்?"