கதவுக்குக் கீழே ஒரு கண்



சென்ற மழைக்காலத்தில் ஒரு காலைப்பொழுது. பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் என் பழைய புரோட்டோன் சாகாவின் பின்சக்கரம் காற்றிறங்கிக் கிடந்தது. கதவுக்குக் கீழே ஜாக்கியை வைத்துத் திருகினேன். வண்டி எழவில்லை; ஜாக்கிதான் தகரத்துக்குள் ஏறியது. அப்பளம் நொறுங்குவதுபோல் துரு கொட்டியது. அதனோடு காய்ந்த புட்டியும், உள்ளே திணித்திருந்த பழைய செய்தித்தாளும் வெளியே வந்து விழுந்தன!

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் 300 வெள்ளி கொடுத்து அந்த இடத்தைப் பழுது பார்த்திருந்தேன். சாயம் பளபளத்தது, நானும் மகிழ்ந்துபோனேன். அந்தக் காகிதச் சுவரை நம்பித்தான் என் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் தினமும் பின்னிருக்கையில் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். நினைத்தாலே உடல் நடுங்குகிறது.

கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் நீண்ட தகரப் பெட்டியைப் பட்டறைக்காரர்கள் 'ராக்கர் பேனல்' என்பார்கள். அழகுக்கு வைத்த தகரம் என்றே பலரும் எண்ணுகிறோம். லாரிக்கு அடியில் தனியாகச் சேசிஸ் உண்டு. ஆனால் 1985-இல் வெளிவந்த முதல் சாகா தொடங்கி இன்றைய சிறிய கார்கள்வரை பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. தகரக் கூடுதான் எலும்பு. பக்கவாட்டில் வேறு வண்டி மோதினால் முதலில் தாங்க வேண்டிய உறுப்புகளில் இந்தப் பெட்டியும் ஒன்று.

நம் கேரித் தீவில் உப்புக் காற்றுக்குக் குறைவில்லை. பெட்டிக்குள் புகும் நீர் வடிவதற்கு அடியில் சிறு துளைகள் இருக்கும். தோட்டச் சாலைச் சேறு அவற்றை அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே தங்கும். துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். கடல் நீரைத் தடுக்கும் கரையை நாம் அறிவோம். உள்ளே அரித்துப்போன கரைக்கு மேலே மண் பூசினால் அடுத்த பெருக்கில் நிற்குமா?

பிறகு கிள்ளானில் ஒரு பெரியவரிடம் போனேன். "அண்ணே, மேலாக ஒரு தகரத்தை ஒட்டினால் போதாதா?" என்று கேட்டேன். "சார், சொத்தைப் பல்லுக்குத் தங்க மூடி போட்டா வலி போயிடுமா?" என்றார்.

அவர் வேலை செய்த முறையைக் கேளுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றினார். இருக்கை, கம்பளம் எல்லாவற்றையும் எடுத்தார். பெட்ரோல் குழாய் செல்லும் வழியைப் பார்த்து, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வண்டியைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, கதவு வாசலின் குறுக்கே ஒரு கம்பியைத் தற்காலிகமாகப் பற்றவைத்தார். அப்படிச் செய்யாமல் வெட்டினால் கூடு வளைந்து, பிறகு கதவே மூடாதாம்.

பளபளக்கும் நல்ல இரும்பு தெரியும்வரை துருவை வெட்டினார். உட்தகரத்தையும் விடவில்லை. அட்டையில் அளவெடுத்து, அதே கனத்தில் புதுத் தகரம் வெட்டினார். முதலில் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, கதவை மூடிச் சரிபார்த்தார். பிறகு இங்கே ஒரு விரலளவு, அங்கே ஒரு விரலளவு என்று ஆறவிட்டு ஆறவிட்டுப் பற்றவைத்தார். ஒரே மூச்சில் பற்றவைத்தால் சூட்டில் மெல்லிய தகரம் நெளிந்துவிடும். கடைசியில் வெளியே துருத்தடுப்புச் சாயம், உள்ளே மெழுகு. வடிகால் துளைகளை மட்டும் திறந்தே விட்டார்.

பெற்றோர்களே, வெல்டிங் நடக்கும் இடத்தில் பிள்ளைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள். அந்த ஒளியை வெறும் கண்ணால் பார்த்தால் சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும், நீர் வழியும். இன்னொன்று. புதிய கார்கள் சிலவற்றில் மிக வலுவான எஃகு வைத்திருக்கிறார்கள். அவற்றை நினைத்த இடத்தில் வெட்டக் கூடாது. தயாரிப்பாளர் சொன்ன முறைப்படியே செய்ய வேண்டும்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவுக்குக் கீழே மெல்ல நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது பெரும்பாலும் புட்டிதான். பழுது பார்க்கக் கொடுத்தால், "மூடுவதற்கு முன் எனக்குக் காட்டுங்கள்" என்று சொல்லிவையுங்கள். தயங்க வேண்டாம், கொடுப்பது நம் வியர்வைக் காசு.

இன்று மாலை வேலை முடிந்து வந்ததும் உங்கள் காரின் அடியில் குனிந்து பாருங்கள். அந்தச் சிறு துளைகள் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். அதற்குச் செலவில்லை. அதை நான் செய்யாததால் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போயிற்று. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்ற நிம்மதி மட்டுமே மிச்சம்.