பழைய பெயின்ட் காயவே மாட்டேங்குதா? முதலில் டப்பாவின் தேதியைப் பாருங்க!

மார்கழி பாதி தாண்டினால் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பரணில் கிடக்கும் பழைய எனாமல் டப்பாக்கள் கீழே இறங்கிவிடும். கதவு, ஜன்னல் கிரில், பொங்கல் வந்தால் மாட்டுக் கொம்பு. அடித்து மூன்று நாளாகியும் விரலில் ஒட்டும். "காயவே மாட்டேங்குது" என்ற புலம்பல் அங்கேதான் ஆரம்பம்.

ஏன் காய்வதில்லை?

எனாமல், ஈரத்துணி போலக் காய்வதில்லை. தின்னர் ஆவியான பிறகு, அதிலுள்ள எண்ணெய்ப் பிசின் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும். இதை வேகப்படுத்த கோபால்ட் போன்ற உலோக உப்புகள் 'டிரையர்' என்ற பெயரில் சேர்க்கப்படுகின்றன. டப்பா வருடக்கணக்கில் கிடந்தால், நிறப்பொடி இந்த டிரையரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு மழைக்கால ஈரமும் மார்கழிப் பனியும் சேர்ந்தால், காய்வது இன்னும் தள்ளிப்போகும்.

மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. பெயின்ட் இளகுமே தவிர, டிரையர் திரும்பி வராது. ஒட்டுகிற பூச்சின் மேல் இரண்டாவது கோட் அடிப்பதும் வீண்.

காப்பாற்றுவது எப்படி?

மேலே படிந்த ஆடையைக் கலக்காமல் எடுத்துவிட வேண்டும். அடியில் தங்கியதை நன்கு கிளறி, மெல்லிய துணியில் வடிகட்டி, பழைய தகரத்தில் ஒரு கோட் அடித்து ஒரு நாள் விடலாம். ஒட்டினால், டிரையர் வாங்கி லேபிளில் சொன்ன அளவு மட்டும் சேர்த்து மறுபடி சோதிக்கலாம். அளவு கூடினால் மேல்தோல் மட்டும் காய்ந்து சுருங்கும். உள்ளே பிசுபிசுப்பு அப்படியே இருக்கும். அப்பவும் காயலைன்னா விட்டுவிடுவதே லாபம்.

எதைக் காப்பாற்றக் கூடாது?

வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் 2016-ம் ஆண்டு விதி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தயாரான டப்பாவில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சில், ஈயம் அதிகம் இருக்க வாய்ப்புண்டு. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் தெரியவரவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாடுகளும் ஒன்றையொன்று நக்கும். ஈயம் அவற்றுக்கும் விஷம்தான்.

அப்படிப்பட்ட டப்பாவையோ, தேதி அழிந்துபோன டப்பாவையோ கொம்புக்கும் தொட்டிலுக்கும் பூசவே கூடாது. போகி நெருப்பிலும் சாக்கடையிலும் போடக் கூடாது.

சிக்கனம் நல்ல பழக்கம்தான். ஆனால் 100 மில்லி டப்பா கடையிலேயே கிடைக்கிறது. ஒரு ஜோடி கொம்புக்கு அது தாராளம். தேவைக்கு மட்டும் வாங்கினால் பரணில் மிச்சமே இருக்காது. அதுதான் அசல் சிக்கனம்.