காம்பவுண்ட் சுவரைத் தாண்டி ஒரு ஒப்பந்தம் போடுங்க!

தோழர்களே, ஒரு நிமிஷம் ஸ்க்ரோல் பண்றதை நிறுத்திட்டு இதைப் படிங்க.

நம்ம டைம்லைன்ல அடிக்கடி ஒரு போட்டோ வரும். ஒரு பக்கம் காலேஜ் பிரின்சிபால், இன்னொரு பக்கம் கம்பெனி அதிகாரி, நடுவுல ஒரு ஃபைல், பின்னாடி பெரிய பேனர். "புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது!" நாமளும் ஹார்ட் போட்டு ஷேர் பண்ணிட்டுப் போயிடுவோம். கம்பெனியோட ஒப்பந்தம் தப்புன்னு நான் சொல்ல வரல. எட்டு செமஸ்டரையும் தாண்டி கடைசி வருஷம் வந்து சேர்றவனுக்கு அது நல்லதுதான். ஆனா நடுவுலயே நின்னுபோற பிள்ளைக்கு யார் யாரோட ஒப்பந்தம் போட்டிருக்காங்க? வீட்டுல முதல் பட்டதாரியா காலேஜுக்குப் போற பிள்ளை, பாடம் புரியாம நிக்கிறதை விட, ஸ்காலர்ஷிப் வராம, பஸ் கிடைக்காம, மனசு உடைஞ்சு பேச ஆள் இல்லாம நிக்கிறதுதான் அதிகம்னு நான் நினைக்கிறேன்.

இதை நான் குன்றக்குடியில இருந்து எழுதுறேன். எங்க ஊருக்கு இந்த விஷயத்துல பேச கொஞ்சம் உரிமை இருக்கு.

காரைக்குடியில சிக்ரி எப்படி வந்துச்சுன்னு பல பேருக்குத் தெரியும். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில், அப்போ குடியரசுத் துணைத் தலைவரா இருந்த ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். டெல்லிக்குச் சொந்தமான மத்திய ஆய்வகம். அதுக்கும் பக்கத்து கிராமத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டு விட்டிருக்கலாம். குன்றக்குடி அடிகளார் விடல. மடத்துல உட்கார்ந்து அருளாசி மட்டும் சொல்லிட்டு இருக்காம, பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்த விஞ்ஞானிகளை ஊருக்குள்ள கூட்டிட்டு வந்தார். கிராமத் திட்டக் குழு அமைச்சு, ஊருல என்ன வளம் இருக்கு, என்ன தொழில் ஓடும்னு பார்த்து, கூட்டுறவு மூலமா தொழில் தொடங்க வச்சார். ஆய்வகம் நுட்பத்தைக் கொடுத்துச்சு, மடம் ஜனங்களைத் திரட்டுச்சு. "குன்றக்குடி மாதிரி"ன்னு நாடே பேசுச்சு. ஒரு சாமியாரும் ஒரு லேபும் சேர்ந்து இதைச் செய்ய முடிஞ்சிருக்கு. ஒரே ஊர்ல இருக்கிற காலேஜும் பஸ் டெப்போவும் சேர முடியாதா?

ஸ்காலர்ஷிப் கதையைக் கேளுங்க. என்கூட படிச்ச ஒருத்தன் (காலேஜ் பேர் வேண்டாம்) ஒரு வருஷம் முழுக்க ஆபீஸ் ஜன்னல் முன்னாடி நின்னான். "எங்க பக்கம் அனுப்பிட்டோம், பேங்க்ல கேளு". பேங்க்ல போனா, "பணமே வரல தம்பி, காலேஜ்ல கேளு". கடைசியில பார்த்தா பணம் அவனோட பழைய கணக்கு ஒண்ணுக்குப் போக முயற்சி பண்ணிட்டு இருந்திருக்கு. எட்டாவது படிக்கும்போது திறந்த கணக்கு, செத்துப்போய் பல வருஷம்.

இது நிறைய பேருக்கு இன்னிக்கும் நடக்குது, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். பேங்க்ல ஆதார் நகல் கொடுத்துட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். அது கேஒய்சி மட்டும்தான். அரசாங்கம் நேரடியா அனுப்புற பணம், என்பிசிஐ மேப்பிங்ல உங்க ஆதாருக்கு நேரா எந்த பேங்க் இருக்கோ அங்கதான் போகும். ஒரு ஆதாருக்கு ஒரு பேங்க்தான், அதுவும் கடைசியா மேப்பிங் பண்ணினது எதுவோ அது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள்ல மாசம் வர்ற 1,000 ரூபாயும் பேங்க் கணக்குக்குத்தான் வரணும். 1,000 ரூபாய் சின்னத் தொகைன்னு நினைக்கிறவங்க ஒரு மாசம் மெஸ் பில் கட்டிப் பாருங்க.

இதை காலேஜ் ஆபீஸ் தனியா சரிபண்ண முடியாது, பேங்கும் தனியா முடியாது. ரெண்டும் ஒரே மேஜையில உட்காரணும். அட்மிஷன் நடக்கிற அதே வாரத்துல, அதே வளாகத்துல, ஒரு பேங்க் ஆள், ஒரு இ-சேவை ஆள், ஒரு தபால்காரர். தபால் துறையோட பேமென்ட்ஸ் பேங்க் 2018ல் இருந்து இருக்கு, கைரேகை வச்சு ஆதாரோட சேர்ந்த கணக்கை உட்கார்ந்த இடத்துலயே திறந்துடலாம். கட்டடம் வேண்டாம், டெண்டர் வேண்டாம். போஸ்ட் மாஸ்டருக்கு பிரின்சிபால் ஒரு கடிதம் எழுதணும், அவ்வளவுதான். இதுக்கு ஒரு ஒப்பந்தம் போட்டு போட்டோ எடுங்க, நானே உட்கார்ந்து சூப்பரா போஸ்டர் அடிச்சுத் தர்றேன்.

மனநல விஷயம் இதைவிட அவசரம். 2025 ஜூலையில உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு. 100 மாணவர்களோ அதுக்கு மேலயோ படிக்கிற கல்வி நிறுவனத்துல தகுதியுள்ள ஆலோசகர் ஒருத்தராவது இருக்கணும். அதுக்குக் கீழ இருந்தா, வெளியில இருக்கிற மனநல நிபுணர்களோட முறையான தொடர்பு வச்சுக்கணும். சிவகங்கையில அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கு. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கு. டெலிமானஸ் 14416 எண் 2022ல் இருந்து இருக்கு. ஆனா ஒரு முதல் வருஷப் பையன் ராத்திரி பதினொரு மணிக்கு ஹாஸ்டல் வராண்டாவுல தனியா உட்கார்ந்திருக்கும்போது, இந்த மூணும் அவன் பக்கத்துல இருக்கான்னு பாருங்க. நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தா போதாது. வாரம் ஒரு நாள் இந்த டாக்டர், இந்த அறையில, இந்த நேரத்துக்கு வருவார்னு எழுத்துல இருக்கணும். பாடம் நடத்துற சார் கிட்டயே கவுன்சிலிங் பொறுப்பையும் கொடுத்துடறது எனக்குச் சுத்தமா உடன்பாடில்லை. இன்டர்னல் மார்க் போடுற கையைப் பார்த்து யார் மனசைத் திறப்பா?

நம்ம காரைக்குடியோட வசதி என்னன்னா, எல்லாம் ஒரே ஊர்ல இருக்கு. 1985ல் வந்த அழகப்பா பல்கலைக்கழகம், 1952ல் தொடங்கின இன்ஜினியரிங் காலேஜ், அரசு கலைக் கல்லூரி, பி.டெக் நடத்துற சிக்ரி. இதுல பெரும்பாலானது ஒரே வள்ளலோட கொடையில முளைச்சது. ஆனா ஒவ்வொண்ணுக்கும் தனி சுவர், தனி கேட், தனி ஆபீஸ் ஜன்னல். ஜெர்மனியில இதை வேற மாதிரி பண்றாங்க. கேன்டீன், ஹாஸ்டல், கல்வி உதவித்தொகை, ஆலோசனை, இதையெல்லாம் காலேஜ் தனித்தனியா நடத்தாது. ஒரு நகரத்துல இருக்கிற பல பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து ஒரே மாணவர் சேவை அமைப்பு நடத்தும். மாணவர்கள் செமஸ்டர் கட்டணத்தோட ஒரு பங்கு கட்டுவாங்க. பல ஊர்கள்ல அந்தக் கட்டணத்துலயே பஸ், ரயில் டிக்கெட்டும் அடங்கும். அதை அப்படியே இங்க இறக்குமதி பண்ணச் சொல்லல. நாலு வளாகத்துக்கும் பொதுவா ஒரு உதவி மேஜை, ஒரு ஆலோசகர் குழு வைக்க முடியும்தானே?

பஸ் விஷயம் சுருக்கமா. குன்றக்குடி பங்குனி உத்திரத்துக்கும் தைப்பூசத்துக்கும் கூட்டத்தைக் கணக்குப் பண்ணி சிறப்புப் பேருந்து விடத் தெரிஞ்ச போக்குவரத்துக் கழகத்துக்கு, செமஸ்டர் பரீட்சை எத்தனை மணிக்கு முடியுதுன்னு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்காங்களா? டைம்டேபிள் ரெடியானதும் ஒரு நகல் டெப்போ மேனேஜருக்குப் போகட்டும். அதுவும் கேம்பஸ் கூட்டாண்மைதான். சாயங்காலம் லேப் முடிச்சு பஸ் ஸ்டாண்டுல இருட்டுல நிக்கிற பொண்ணோட அம்மாவைக் கேளுங்க, எது பெரிய ஒப்பந்தம்னு சொல்வாங்க.

இனி நம்ம வேலை. எதிர்க்கட்சியைத் திட்டி ட்ரெண்ட் பண்றதுக்கு நடுவுல ரெண்டு மணி நேரம் இதுக்கு ஒதுக்குங்க. ஒன்றிய, நகர நிர்வாகிகள், மாணவரணித் தோழர்கள் உங்க பகுதி காலேஜுக்குப் போய் மூணே கேள்வி கேளுங்க: ஸ்காலர்ஷிப் வராதவங்க பட்டியல் யார்கிட்ட இருக்கு? ஆலோசகர் எந்த நாள் வர்றார்? கடைசி வகுப்புக்கு அப்புறம் எத்தனை மணிக்கு பஸ்? கட்சிக் கொடி, துண்டு இல்லாம போங்க, மரியாதையா கேளுங்க. ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, நம்ம உள்ளூர்க் கவுன்சிலர்களையும் கூடவே கூட்டிட்டுப் போங்க.

கிடைச்ச பதிலை மாணவர் பேர், ஆதார் எண் எதுவும் இல்லாம, காலேஜ் இருக்கிற ஊர் பேரோட நம்ம பக்கத்துக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க. மாவட்ட வாரியா எக்செல்ல தொகுத்து மாநில மாணவரணிக்குக் கொடுக்கிற வேலையை எங்க டீம் பார்த்துக்கும். இந்த மாசக் கடைசி வரைக்கும் இன்பாக்ஸ் திறந்திருக்கும்.