எல்லோரும் நடக்கும் சாலை

திருவனந்தபுரத்தைப் பார்க்க ஒரு நாள் போதும். ஆட்டோ வேண்டாம், கால்கள் போதும்.

தம்பானூர் ரயில் நிலையத்தில் காலை வண்டியிலிருந்து இறங்கும் தமிழ்நாட்டுப் பயணியிடம் வழக்கமாக இரண்டே திட்டங்கள்தான் இருக்கும். பத்மநாபசுவாமி தரிசனம், பிறகு கோவளம். அல்லது தரிசனம், பிறகு கன்னியாகுமரி. நடுவில் இருக்கும் நகரம் பஸ் ஜன்னலில் ஓடி மறைந்துவிடுகிறது.

நஷ்டம் பயணிக்குத்தான். தம்பானூரிலிருந்து கோட்டை சுமார் ஒரு கிலோமீட்டர். கோட்டையிலிருந்து எம்.ஜி. ரோடு, பாளையம், மியூசியம் வழியாக வெள்ளயம்பலம் போனால் இன்னும் நான்கு சொச்சம். ஒரு சமஸ்தானத்தின் சரித்திரமே இந்த ஐந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. இந்த ஊரை நடந்து பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எந்தச் சாலையில் யார் நடக்கலாம் என்பதுதான் ஒரு காலத்தில் இங்கே பெரிய வழக்காக இருந்தது.

திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். மியூசியத்துக்கும் மிருகக்காட்சிசாலைக்கும் அன்று விடுமுறை.

ரயில் நிலையத்தை ஒட்டி, பஸ் நிலையத்தின் பக்கத்தில், சுருள் சுருளாக எழும்பி நிற்கும் செங்கல் கட்டடம் இந்தியன் காபி ஹவுஸ். ஏழைகளுக்கும் கட்டுப்படியாகும் வீடுகளைக் கட்டிப் புகழ்பெற்ற லாரி பேக்கர் வடிவமைத்தது. மேஜைகள் சுவரோரமாக ஏறிக்கொண்டே போகும். மசால் தோசைக்குள் பீட்ரூட் சிவந்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம், இங்கே அதுதான் வழக்கம்.

வயிற்றைக் கவனித்த பிறகு கோட்டைக்கு. வழியில் பழவங்காடிப் பிள்ளையார். பழைய திருவாங்கூர்ப் படையின் சொத்தாக இருந்து இன்று ராணுவத்தின் பராமரிப்பில் உள்ள கோயில் இது. தேங்காய் உடைபடும் சத்தம் ஓயாது. அங்கிருந்து சில நிமிடங்களில் கிழக்கே கோட்டை வாசல். உள்ளே நுழைந்தால் வலப்பக்கம் பத்மதீர்த்தக் குளம், எதிரே ஏழு நிலைக் கோபுரம்.

ஆண்கள் சட்டையில்லாமல் வேட்டியில், பெண்கள் புடவையில் அல்லது முண்டில்தான் போக வேண்டும். வேட்டி இல்லாதவர்களுக்கு வெளியே வாடகைக்குக் கிடைக்கும். செல்போனை வெளியே ஒப்படைத்துவிட வேண்டும். காலையில் பூஜைகளுக்காக இடையிடையே நடை சாத்துவார்கள். நண்பகலில் மூடினால் மாலையில்தான் தரிசனம். எனவே சீக்கிரம் போவதே புத்திசாலித்தனம். ஒற்றைக்கல் மண்டபத்தில் ஏறினால், 18 அடி நீளத்தில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாள் மூன்று வாசல்கள் வழியாகத் தெரிவார். முதல் வாசலில் திருமுகம், நடுவில் நாபிக்கமலமும் பிரம்மாவும், மூன்றாவதில் திருப்பாதம். நம்மாழ்வார் பாடிய தலம்.

கோயிலைப் புதுப்பித்த மார்த்தாண்ட வர்மா 1750-ல் ராஜ்யத்தையே இந்தப் பெருமாளுக்கு எழுதிவைத்து, தான் ‘பத்மநாப தாசன்’ ஆனார். 2011-ல் நிலவறைகளைத் திறந்தபோது உலகமே இந்தப் பக்கம் திரும்பியது. 2020-ல் சுப்ரீம் கோர்ட், கோயில் மீது அரச குடும்பத்துக்குள்ள உரிமையை உறுதி செய்தது.

ஆனால் இந்த வாசலின் பெரிய செய்தி தங்கம் அல்ல. 1936 நவம்பர் 12-க்கு முன்னால் ஈழவர், புலையர், நாடார் என்று பெருந்திரளான இந்துக்கள் இந்தப் படியை மிதிக்க முடியாது. அன்று 24 வயது மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். திவான் நாற்காலியில் அப்போது இருந்தவர் சர் சி.பி. ராமசாமி ஐயர். அதுவரை விலகி நின்ற காந்தி, 1937 ஜனவரியில் இந்தக் கோயிலுக்குள் வந்தார். பிற மதத்தவருக்கு இன்றும் வாசல் வரைதான்.

பிரகடனம் சும்மா வந்துவிடவில்லை. 12 ஆண்டுகளுக்கு முன்பு, 1924-ல், வைக்கம் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. கோயிலுக்குள் போவதற்கு அல்ல, தெருவில் நடப்பதற்கு. அதில் சேர்ந்த ஈ.வெ.ரா. பெரியார் கைதாகி இந்த ஊர் மத்தியச் சிறையில்தான் அடைக்கப்பட்டார்.

கோயிலை விட்டு வெளியே வந்து, குளத்தின் எதிரே அண்ணாந்து பார்த்தால் ‘மேத்தன் மணி’. மணி அடிக்கும்போது தாடிக்காரரின் கன்னத்தில் இரண்டு ஆடுகள் வந்து முட்டும். அருகிலேயே குதிர மாளிகை. கூரைக்குக் கீழே வரிசையாக 122 மரக் குதிரைகள். கட்டியவர், 33 வயதில் மறைந்த சங்கீத மன்னர் சுவாதித் திருநாள். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834-ல் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தவர். சாமித்தோப்பு அய்யா வைகுண்டரைப் பிடித்து இந்த ஊரில் சிறை வைத்ததும் இதே மன்னரின் ஆட்சிதான். தென் திருவாங்கூரிலிருந்து வந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

பக்கத்தில் உள்ள நவராத்திரி மண்டபத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் வருஷா வருஷம் சம்பந்தம் உண்டு. பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாக இந்த ஊருக்கு வருகிறார்கள். சரஸ்வதி இந்த மண்டபத்தில் கொலு வைக்கப்படுகிறாள். 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் சேர்ந்த பிறகும் ஊர்வலம் நிற்கவில்லை. களியக்காவிளை எல்லையில் இரண்டு மாநில போலீசாரும் மரியாதை செய்கிறார்கள். கலைமகளுக்கே இந்த மண்டபம் என்றாலும், கச்சேரி செய்ய ஒரு பெண்ணுக்கு இடம் கிடைத்தது 2006-ல்தான். பாடியவர் பாறசாலை பொன்னம்மாள்.

கோட்டை வாசலுக்கு எதிரே சாலைக் கடைத்தெரு. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கியது. கொப்பரை, மிளகு, பாத்திரம், பூக்கட்டு எல்லாவற்றோடும் தமிழ்ப் பேச்சும் இங்கே தாராளம். இந்தத் தெருவிலேயே கடை வைத்திருந்த ஆ. மாதவன், தெருவின் மனிதர்களையே கதைகளாக்கினார். 2015-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவர் 2021-ல் காலமானார். இதே ஊர்க்காரரான நீல. பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ நாவலில் அனந்தன் நாயரும் இந்த நகரத்தில்தான் நடந்து திரிகிறார்.

இனி எம்.ஜி. ரோடு, வடக்கு நோக்கி. ஸ்டாச்சு சந்திப்பு வந்ததும் வெள்ளைத் தூண்களோடு தலைமைச் செயலகம். 1869-ல் வில்லியம் பார்ட்டன் கட்டி முடித்தது. சந்திப்புக்குப் பெயர் தந்த சிலை, கும்பகோணத்தில் பிறந்த திவான் டி. மாதவ ராவுடையது. திருவாங்கூரை நவீனமாக்கியவர் என்று புகழப்படுபவர். ஆனால் உயர் பதவிகள் எல்லாம் வெளியூர்ப் பிராமணர்களுக்கே போகின்றன என்ற புகைச்சலும் இங்கே வளர்ந்துகொண்டிருந்தது. 1891-ல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட ‘மலையாளி மெமோரியல்’ அரண்மனைக்குப் போனது. ‘வெளியூர்க்காரர்’ என்று அதில் குறிப்பிடப்பட்டவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். தமிழ்ப் பயணிக்கு இது கசப்பாக இருக்கலாம். தெரிந்துகொள்வது நல்லது. செயலகத்தின் எதிரே இன்றும் ஏதாவது ஒரு போராட்டப் பந்தல் இல்லாமல் இருக்காது.

மதியச் சாப்பாடு இந்தப் பக்கத்திலேயே. சிவப்பரிசிச் சோறு, அவியல், தோரன். விருந்துச் சாப்பாடு கிடைத்தால் கடைசியில் போளியை இலையில் பிசைந்து அதன்மேல் பால் பாயசம் ஊற்றுவார்கள். திருவனந்தபுரத்துக்கே உரிய ருசி இது.

சாப்பிட்ட பிறகு நடந்தால் சாலையின் ஒரு பக்கம் யூனிவர்சிட்டி காலேஜ். மகாராஜா காலேஜ் என்று பெயர் இருந்த காலத்தில் இங்கே தத்துவப் பேராசிரியராக இருந்தவர் பெ. சுந்தரம் பிள்ளை. அவர் 1891-ல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் வாழ்த்துப் பகுதிதான் தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்து. பள்ளிக்கூடத்தில் தினமும் அதைப் பாடிய பலருக்கும் அதன் விலாசம் தெரியாது.

எதிர்ப்பக்கம் 1896-ல் விக்டோரியா ராணியின் பெயரில் கட்டிய டவுன் ஹால். ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடிய இடம். எழுதப் படிக்கத் தெரியாத புலையர் தலைவர் அய்யன்காளி 1912-ல் அந்தச் சபையில் உறுப்பினராக உட்கார்ந்து, தன் மக்களுக்கு நிலம் கேட்டார். 2019-ல் விக்டோரியாவின் பெயர் போய் அய்யன்காளி ஹால் ஆனது.

அடுத்து பாளையம். மசூதி, பிள்ளையார் கோயில், செயின்ட் ஜோசப் கதீட்ரல் மூன்றும் ஒரே சந்திப்பில். பக்கத்தில் 1829-ல் தொடங்கிய பொது நூலகம். பிறகு இறக்கமும் ஏற்றமுமாகச் சாலை மியூசியத்துக்குப் போகிறது. சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும் நேப்பியர் மியூசியம் 1880-ல் முடிந்தது. கட்டியவர் ராபர்ட் சிஷோம். சென்னை செனட் ஹவுசைக் கட்டிய அதே கை. வளாகத்தில் ரவிவர்மா ஓவியங்களுக்கென்று 2023-ல் திறந்த தனிக் கலைக்கூடமும் இருக்கிறது. கால் வலித்தால் மரத்தடி பெஞ்சுகள் உண்டு.

வெயில் தாழ்ந்ததும் கனகக்குன்னு அரண்மனை வழியாகக் கடைசி ஒரு கிலோமீட்டர். வெள்ளயம்பலம் ரவுண்டானாவில் தலைப்பாகையோடு நிற்கிறார் அய்யன்காளி. 1980-ல் இந்திரா காந்தி திறந்துவைத்த சிலை. 1893-ல் தன் சாதிக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டிப்போனவர் இவர். வழிமறித்தவர்களுக்கு அஞ்சி வண்டியைத் திருப்பவில்லை. இன்று எந்தப் பக்கமிருந்து வரும் வண்டியும் அவரைச் சுற்றித்தான் போக வேண்டும்.

ஸ்டேஷனுக்குத் திரும்ப இங்கே பஸ் கிடைக்கும். ஆட்டோவும் பிடிக்கலாம். ஒரு நாள் முழுக்க நடந்தவருக்கு அந்த உரிமை உண்டு.