“தொடாதை” என்றார் அப்பா

போன மாதம் ஆராதனை முடிந்து மண்டபத்தில் ரோல்ஸும் தேநீருமாக நின்றபோது, வாலிபர் ஐக்கியத்துத் தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். “அக்கா, இந்தக் கோடைக்கு ஜியோகாஷிங் போட்டி ஒண்டு வைப்பமே? ஆர் கூடப் பெட்டி கண்டுபிடிக்கினமோ அவைக்குப் பரிசு.” நான் உடனே வேண்டாம் என்றேன். அவருடைய முகம் வாடிவிட்டது. நான் வேண்டாம் என்றது போட்டியை மட்டும்தான். கையில் தேநீரோடு நின்றுகொண்டு அதை விளக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தெரியாத பெற்றோருக்காக முதலில் ஒரு விளக்கம். ஒருவர் தண்ணீர் புகாத சிறு பெட்டி ஒன்றைப் பூங்காவிலோ காட்டுப் பாதையோரத்திலோ மறைத்து வைத்து, அந்த இடத்தின் அகலக்கோடு, நெடுங்கோடு எண்களைச் செயலியில் பதிவார். மற்றவர்கள் கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். உதவியோடு அதைத் தேடிப் போவார்கள். பெட்டிக்குள் ஒரு குறிப்பேடு இருக்கும். அதில் பெயரும் திகதியும் எழுதிவிட்டுப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் திகதி, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. அடுத்த நாளே டேவ் உல்மர் என்பவர் ஒரேகன் மாநிலத்தில் முதல் வாளியை மறைத்து வைத்தார். இன்று உலகமெங்கும் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன.

நான் இதற்குள் வந்தது நித்திரை வராததால். 12 மணி நேர இரவு வேலை முடிந்து காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்தால், உடம்பு அடித்துப்போட்டதுபோல இருக்கும், மூளை மட்டும் இன்னும் வார்டிலேயே நிற்கும். ஒக்டோபரில் அந்த நேரத்துக்குத்தான் ரொறன்ரோவில் சூரியன் எழும்பும். வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பெட்டியைத் தேடி அரை மணி நேரம் நடப்பேன். பிறகு கைத்தொலைபேசியால் படம் எடுக்கத் தொடங்கினேன். இரண்டும் சேர்ந்த பிறகுதான் எனக்கு இது உண்மையில் பிடித்தது.

படம் எடுப்பதை மட்டும் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்துக்குப் போகிறோம். ஸ்காபரோ பிளஃப்ஸ் குன்றின் விளிம்பில் நின்று எடுத்த படம் இல்லாத தமிழ் வீடு எங்கள் சபையில் இருக்குமா? அந்த விளிம்பு மணலும் களியும். கீழே அரித்துப் போயிருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. வேலிக்கு அப்பால் போய் மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி மீட்ட செய்திகளை நீங்களும் வாசித்திருப்பீர்கள். ஜியோகாஷிங்கை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வேறு நோய், எண்ணிக்கை. கடைத்தெரு வாகனத் தரிப்பிடத்தில் விளக்குக் கம்பத்தின் அடி மூடியைத் தூக்கினால் உள்ளே பழைய 35 மில்லிமீற்றர் படச்சுருள் டப்பா ஒன்று இருக்கும். பெயரை எழுது, அடுத்த கம்பத்துக்கு ஓடு. (டிஜிட்டல் கமரா வந்து வேலையிழந்த அந்தக் குட்டி டப்பாக்களுக்கு இப்படி ஒரு மறுவாழ்வு. ஆனால் அவற்றுக்குள் ஈரம் போகும். முக்கால்வாசிக் குறிப்பேடுகள் கஞ்சியாகத்தான் கிடக்கும்.) போட்டி வைத்தால் எங்கள் பிள்ளைகள் ஓடப்போவது இந்தக் கம்பங்களுக்குத்தான்.

என் வழக்கம் வேறு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெட்டி. கண்டுபிடித்த பிறகு அந்த இடத்தில் ஐந்து நிமிடம் குந்தியிருப்பேன். பெட்டியைப் படம் எடுக்க மாட்டேன். நல்ல பெட்டியை வைத்தவர் அந்த இடத்தை ஏதோ காரணத்துக்காகத் தெரிந்தெடுத்திருப்பார். ஒரு வளைந்த மரம், ஓடை திரும்புகிற இடம், ஒரு பழைய பாலம். அவர் எதைப் பார்த்து இங்கே நின்றார் என்று தேடுவதுதான் என்னுடைய இரண்டாவது தேடல். அதைத்தான் படம் எடுப்பேன். பாதிக்குப் பாதி தோற்றுவிடுவேன்.

இனி அப்பாவின் கதை.

அப்பாவுக்கு இப்போது 74 வயது. வேலையை விட்டதிலிருந்து தொலைக்காட்சிக்கு முன்னால்தான். போன செப்ரெம்பர் கடைசியில் அவரை வற்புறுத்தி மோர்னிங்சைட் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஹைலண்ட் கிரீக் ஓடையில் அந்த நாட்களில் சமன் மீன்கள் ஒன்ராறியோ ஏரியிலிருந்து எதிர்நீச்சலில் ஏறி வரும். பெட்டி பாதையிலிருந்து நாலு எட்டுத் தூரத்தில், விழுந்து கிடந்த மரமொன்றின் கீழே இருந்தது. நான் சருகை விலக்கிக் கையை நீட்டினேன்.

“தொடாதை!”

அப்படி ஒரு குரலை அப்பாவிடம் பல வருடங்களாகக் கேட்டதில்லை. என் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். “ஆர் வைச்சதெண்டு தெரியுமே உனக்கு? வந்த காலடியிலையே திரும்பி வா.” அவருடைய கை நடுங்கியது. வார்டில் எத்தனையோ பேருடைய நடுக்கத்தைப் பிடித்து ஆற்றியிருக்கிறேன். அன்று எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு எல்லோரோடும் வெளிக்கிட்டபோது எனக்கு ஆறு வயது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது, வளவில் கிணற்றடிக்கு ஒரு வழியை அப்பா காட்டினார். அதை விட்டு ஓர் அடி விலகினாலும் அடிதான். பள்ளிக்கூடத்துச் சுவரில் மிதிவெடிப் படங்கள் தொங்கின. தெரியாத பொருளைத் தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல். பாட்டுப்போலப் பாடமாக்கினோம். நான் இருபது வருடத்தில் அதை மறந்துவிட்டேன். அப்பா மறக்கவில்லை. மரத்துக்குக் கீழே சருகால் மூடின டப்பாவைத் தேடிப் போய்க் கையை விடுகிற விளையாட்டு அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் ஒரு நிமிடமாவது யோசித்திருக்க வேண்டும்.

இதை வாசிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: வீட்டில் அம்மாவோ அப்பாவோ மாமாவோ இதற்கு முகம் சுளித்தால், “பழங்கால ஆக்கள்” என்று சிரிக்காதீர்கள். அந்தப் பயம் விசரும் அல்ல. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரில் ஒரு ஜியோகாஷ் பெட்டியை வெடிகுண்டு என்று நினைத்துப் படையினர் வெடிக்கவைத்துவிட்டார்கள். பாடசாலை, தண்டவாளம் போன்றவற்றுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்றெல்லாம் விதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஒன்று வைப்பதாக இருந்தால், உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடி போன்ற பெட்டியாக, வெளியே பெயர் ஒட்டியதாக, அந்த இடத்துக்குப் பொறுப்பானவர்களின் அனுமதியோடு இருக்க வேண்டும். ரூஜ் பூங்கா போன்ற தேசியப் பூங்காக்களில் அனுமதி இல்லாமல் வைக்கவே முடியாது.

அன்று நாங்கள் பெட்டியைத் திறக்கவில்லை. ஓடைக்கரையில் இருந்த வாங்கில் போய் அமர்ந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய சமன் ஆழமில்லாத தண்ணீரில் முதுகு தெரிய ஏறியது. படம் எடுத்தேன், தண்ணீரின் மினுக்கம்தான் விழுந்தது. போலரைஸ்ட் வெயில் கண்ணாடியைக் கழற்றிக் கைத்தொலைபேசி லென்சுக்கு முன்னால் பிடித்து மெதுவாகத் திருப்பினால் மினுக்கம் குறைந்து அடியில் இருப்பது தெரியும். அதை அப்பாவுக்குக் காட்டினேன். “கொண்டா பாப்பம்” என்று வாங்கினார். நாற்பது படம் எடுத்தார். ஒன்றில் மீனின் வால் தெளிவாக இருக்கிறது. அதுதான் இப்போது அவருடைய கைத்தொலைபேசியின் முகப்பில்.

அதற்குப் பிறகு அவரோடு போவதற்கு எர்த்காஷ் என்ற வகையைத் தெரிந்தெடுத்தேன். அதில் பெட்டியே கிடையாது. குறித்த இடத்துக்குப் போய், பாறையையோ மண் அடுக்கையோ உற்றுப் பார்த்து, கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டும். பிளஃப்ஸின் மேல் விளிம்பில் நிற்காமல் கீழே கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால், பனியாறுகளின் காலத்து மணலும் களியும் அடுக்கடுக்காகத் தெரியும். அதைப் படம் பிடிக்கப் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும், காலை நேரமே நல்லது. அடிவாரத்துக்குக் கிட்டப் போகாதீர்கள், மண் சரியும். தொட எதுவும் இல்லாத இந்த வகையில் எங்கள் குடும்பங்கள் தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னொரு பயமும் உண்டு. பெற்றோர் வாய்விட்டுச் சொல்வதில்லை. எங்கள் நிறத்தில் ஒரு பதினாறு வயதுப் பையன் பற்றைக்குள் குனிந்து எதையோ தேடினால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? என்னையே ஒரு பெண்மணி இரண்டு தரம் “இங்கே என்ன செய்கிறாய்” என்று அதட்டிக் கேட்டிருக்கிறார். கையில் கமரா இருந்தால் கேள்வி குறைகிறது. மரத்தடியில் குந்தியிருப்பவர் படம் எடுக்கிறார் என்று விளங்கிக்கொள்கிறார்கள். ஆனால் குழந்தைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் அதே கமரா வேறு சந்தேகத்தைக் கொண்டுவரும். ஆகவே தனியாகப் போகாதீர்கள், நாய் கூட்டிவருபவர்களுக்கு முதலில் நீங்களே வணக்கம் சொல்லுங்கள், வீட்டு வேலிகளுக்குப் பக்கத்துப் பெட்டிகளை விட்டுவிடுங்கள். இது நியாயமா என்று கேட்டால், இல்லை. இருந்தாலும் இதுதான் என் புத்திமதி.

தாதியாக இரண்டு வரி. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்துக் காடுகளில் லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் இருக்கின்றன. வெப்பநிலை 4 பாகைக்கு மேல் போனாலே அவை நடமாடும். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் விட்டு, வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்பக்கம், கமக்கட்டு, தலைமயிர் எல்லாம் பாருங்கள். 24 மணி நேரத்துக்குள் சிறு இடுக்கியால் நேராக இழுத்து எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. மூன்று இலையாக நிற்கும் செடியைத் தொட வேண்டாம்.

படங்களைப் போடும்போதும் கவனம் வேண்டும். பெட்டி இருக்கும் இடம் தெரிகிற படத்தைப் போட்டால் அடுத்தவருடைய தேடலைக் கெடுத்துவிடுவீர்கள். உங்கள் கைத்தொலைபேசி படத்துக்குள்ளேயே இடத்தின் எண்களையும் எழுதிவைக்கும். தம்பி தங்கையின் முகம் உள்ள படத்தை வெளியே அனுப்பும் முன் அதை நீக்கிவிடுங்கள்.

தம்பிக்கு நான் சொல்லாமல் விட்ட யோசனை இதுதான். மே மாதத்து முதல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மோர்னிங்சைட் பூங்கா வாகனத் தரிப்பிடம். ஒவ்வொரு வாலிபரும் வீட்டிலிருந்து ஒரு மூத்தவரைக் கூட்டிவர வேண்டும். ஒரு சோடிக்கு ஒரே ஒரு இடம், ஒரே ஒரு படம். எண்ணிக்கையும் பரிசும் கிடையாது. படங்களை அச்சடித்து மண்டபச் சுவரில் ஒட்டுவோம், செலவு என்னுடையது. அப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார். கையில் நீளத் தடி ஒன்றும் கொண்டுவருவார், பெட்டியை முதலில் அதால் தட்டிப் பார்க்க. ஒருவரும் சிரிக்க வேண்டாம்.