எருமை போனா கொக்கும் போயிடும் தம்பி

மெட்ராஸ்ல இருந்து பெரிய லென்ஸ் மாட்டின கேமராவோட எங்க மதுராந்தகம் பக்கம் வர்ற தம்பிகள்கிட்ட "உங்களுக்குப் படம் எடுக்கப் பிடிச்ச மிருகம் எது?"ன்னு கேட்டுப் பாருங்க. அடையாறுக்காரர் புலி, சிறுத்தை, யானை என்பார். தி.நகர்க்காரரும் அதையேதான் சொல்வார். பறவைன்னா பூநாரை, மீன்கொத்தி, தோகை விரிச்ச மயில். சாரைப்பாம்புன்னு ஒருத்தர் வாயில இருந்தும் நான் கேட்டதில்லை. கிண்டியில வெளிமானுக்காக மணிக்கணக்கா காத்துக் கிடக்கிறவங்க, அதே காட்டுல திரியற நரியைப் பத்திப் பேசறதே இல்லை.

அவங்க காசு, அவங்க கேமரா, உனக்கென்னய்யா என்பீர்கள். எனக்கு நிறைய இருக்கு. எது படத்துல வருதோ அதுதான் நகரத்து ஜனங்களுக்கு வனவிலங்கு. காலண்டர்ல அதுதான், பள்ளிக்கூடச் சுவர்லயும் அதுதான். புலிக்கு 1973-லேயே தனித் திட்டம் வந்தது, நல்ல விஷயம், நான் குறை சொல்லலை. ஆனா என் நெல்லைக் காப்பாத்தறது புலியா? பகல்ல சாரை எலி பிடிக்குது, ராத்திரி கூகை பிடிக்குது. கூலி கேட்காத இரண்டு ஷிப்டு வேலைக்காரங்க. சாரைக்கு விஷமே கிடையாது, இருந்தும் கண்ட இடத்துல அடிச்சுக் கொல்றாங்க. எலிக்கு மருந்து வைக்கறோம், மருந்து தின்ன எலியைத் தின்னு கூகையும் சாகுது. இதுக்காக வருத்தப்பட்டு யாரும் படம் போட்டு நான் பார்க்கலை.

போன மாசியில, அறுப்பு முடிஞ்ச வயல்ல என் எருமை மேயுது, பக்கத்துலயே உண்ணிக்கொக்கு நடக்குது. படம் எடுக்க வந்த ஒரு தம்பி, "ஐயா, எருமையைக் கொஞ்சம் ஓட்டிட்டுப் போறீங்களா, ஃபிரேம்ல இடிக்குது"ன்னார். எருமை கால் வைக்கிற இடத்துல கிளம்புற பூச்சியைத்தான் அது பிடிச்சுத் தின்னுது, எருமை போனா கொக்கும் போயிடும்னேன். சிரிச்சார். ஓட்டிக் காட்டினேன். கொக்கும் பின்னாலயே வந்துடுச்சு.

இதே மெட்ராஸ்ல, மயிலாப்பூர்லதான் மா. கிருஷ்ணன் இருந்தார். நாவல் எழுதின அ. மாதவையாவோட மகன், 1912-ல் பிறந்து 1996-ல் காலமானவர். காட்டு யானைகளைக் கருப்பு வெள்ளையில படம் எடுத்துப் பேர் வாங்கினவர், 1970-ல் பத்மஸ்ரீயும் கிடைச்சது. ஆனா அவர் யானையோட நின்னுடலை. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில 1950-ல் ஆரம்பிச்சு சாகிறவரைக்கும் எழுதின பத்தியில காக்கா, அணில், பல்லி எல்லாத்துக்கும் இடம் கொடுத்தார், தன் கையாலேயே படமும் வரைஞ்சார். தமிழ்லயும் எழுதியிருக்கார். தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' புத்தகத்தைப் பாருங்க. பத்தாவதோட நிறுத்தின எனக்கே புரியுது, டிகிரி படிச்ச உங்களுக்குப் புரியாதா?

வேடந்தாங்கலையே எடுத்துக்குங்க. கூட்டம் கூட்டமா வந்து கூழைக்கடாவைச் சுடறீங்க, அதாவது கேமராவுல. அந்தப் பறவைகளை இத்தனை தலைமுறையாக் காத்தது யாரு? எச்சம் விழுந்த ஏரித் தண்ணி நெல்லுக்கு உரம்னு தெரிஞ்ச விவசாயிதான். 1790-கள்லயே பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களை எதிர்த்துக் கலெக்டர்கிட்ட போய் நின்னது அந்த ஊர்க்காரங்கதான். உங்க படத்துல அந்த வயல் எங்கே?

மயில் கதை வேற. என் கடலைக் கொல்லையைக் கிளறித் தின்னுட்டுத்தான் உங்களுக்குத் தோகை விரிக்குது. சட்டப்படி அதைத் தொடக் கூடாது, சரி, தொடலை. படத்துக்குக் கீழே 'விவசாயியின் கடலையைத் தின்று வளர்ந்தது'ன்னு ஒரு வரி போட என்ன கஷ்டம்?

புலியை விட்டுடுங்கன்னு சொல்ல வரலை. அடுத்த தடவை வேடந்தாங்கல் வரும்போது ஒரு ராத்திரி கூடத் தங்குங்க தம்பி. என் பம்புசெட் கொட்டகைக்குப் பின்னால இருக்கிற புளியமரப் பொந்துல கூகை குடியிருக்கு, இருட்டினதும் வெளியே வரும். மூஞ்சியில மட்டும் ஃபிளாஷ் அடிக்காதீங்க.